நாயின் கட்டியில் ஒரு பழுப்பு நிறம்

பாக்சர் நாய்களுக்கு அதிகம் வரும் ஒரு தோல் புற்று மாஸ்ட் செல் கட்டி. அறுத்தெடுத்த கட்டி எவ்வளவு பொல்லாதது என்று கணிக்க, நோயியல் மருத்துவர்கள் அதில் ‘கிட்’ என்ற புரதத்தைத் தேடுவார்கள். செல்லின் சவ்வை ஊடுருவி நின்று, வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை உள்ளே கடத்தும் ஏற்பி அது.

தேடித் தருவது ஆன்டிபாடி. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த திசுவை, சில மைக்ரான் தடிமனில் சீவி, சிட்ரேட் கரைசலில் சூடாக்குவார்கள். ஃபார்மலின் மறைத்துவிட்ட புரதப் பகுதிகள் அப்போதுதான் வெளிப்படும். முதல் ஆன்டிபாடி கிட்டைப் பற்றிக்கொள்ளும். அதைப் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒரு நொதி இருக்கும். சாயப்பொருளை ஊற்றினால் கிட் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும்.

சிக்கல் என்னவென்றால், சந்தையில் கிடைக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை மனிதப் புரதத்துக்காகச் செய்தவை. சவ்வில் நிற்கும் பல புரதங்களில் செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதி இனத்துக்கு இனம் மாறுகிறது. உள்ளே இருக்கும் வால் அவ்வளவாக மாறுவதில்லை. மனிதருக்கு நிணநீர்ப் புற்றில் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி, சிடி20 என்ற புரதத்தின் வெளிப்பகுதியைப் பற்றுவது. நாயின் சிடி20-இல் அது ஒட்டுவதில்லை. அதே புரதத்தின் உட்பகுதியைக் குறிவைத்த ஆன்டிபாடியோ நாய்த் திசுவிலும் நன்றாக வேலை செய்கிறது. கிட்டுக்குப் பரவலாகப் பயன்படும் முயல் ஆன்டிபாடியும் உள்வாலைப் பற்றுவதுதான். ஆனால் எந்த ஆன்டிபாடியையும், விலைப்பட்டியலில் ‘நாய்க்கும் பொருந்தும்’ என்று அச்சிட்டிருந்தாலும், கிட் உண்டு என்று தெரிந்த நாய்த் திசு ஒன்றிலும், முதல் ஆன்டிபாடியே இடாத வில்லை ஒன்றிலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

நிறம் வந்துவிட்டால் மட்டும் போதாது. எங்கே வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல்லின் ஓரத்தில் வளையமாக இருந்தால் ஓரளவு ஆறுதல். உள்ளே ஓரிடத்தில் குவிந்தோ, முழுக்கப் பரவியோ இருந்தால் கட்டி திரும்ப வரும் அபாயம் கூடுதல். சில கட்டிகளில் கிட் மரபணுவின் ஒரு துண்டு இரட்டித்துப்போய், சமிக்ஞை வராமலேயே ஏற்பி ஓயாது இயங்கும். அதை அடக்கும் டோசெரானிப் மாத்திரைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாய்களின் புற்றுக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. இந்தக் கட்டிகளில் மொய்த்துக் கிடக்கும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களில் சாயத்தைப் பழுப்பாக்கும் நொதி இயல்பாகவே இருக்கிறது. முன்கூட்டியே ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டு அதை முடக்காவிட்டால் பொய்யான முடிவு வரும். மெலனின் நிறமி நிறைந்த தோலிலோ பழுப்பின் மேல் பழுப்பு தெரியாது. அதற்குச் சிவப்புச் சாயம் எடுத்துக்கொள்வது ஒரு வழி.