உதைபந்தாட்ட வீரரின் வருமானம்: பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

பூண்டுலோயாவைச் சூழ்ந்த தோட்டங்களில் மாலையானதும் பந்தோடு ஓடும் சிறுவர்களின் மேற்சட்டைகளில் 7, 10 ஆகிய இலக்கங்களைக் காண்பது புதிதல்ல. அந்த இலக்கங்களுக்குரிய வீரர்கள் ஈட்டும் கோடிகள் பற்றிய செய்திகளும் கையடக்கத் தொலைபேசி வாயிலாக லயன்களை எட்டிவிடுகின்றன. இத்தொகைகள் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

போர்த்துக்கலின் மதெய்ரா தீவில் 1985 இல் பிறந்த கிறிஸ்டியானோ ரொனால்டோவின் தாயார் சமையல் வேலை செய்தவர். தந்தையார் மாநகரசபைப் பூந்தோட்டப் பணியாளர். 2003 இல் மான்செஸ்டர் யுனைட்டெட்டில் இணைந்த அவர், 2009 இல் 80 மில்லியன் பவுணுக்கு ரியல் மாட்ரிட்டுக்கு மாறினார். 2018 இல் ஜுவென்டஸ், 2021 இல் மீண்டும் மான்செஸ்டர், 2023 இல் சவூதி அரேபியாவின் அல் நஸர் என அவரது பயணம் தொடர்ந்தது. போர்ப்ஸ் சஞ்சிகை 2025 இல் அவரது ஓராண்டு வருமானத்தை 275 மில்லியன் டொலர் என மதிப்பிட்டது. இதில் 225 மில்லியன் விளையாட்டின் மூலமும், 50 மில்லியன் விளம்பரம் முதலியவற்றின் மூலமும் கிடைத்தவை. நாளொன்றுக்கு ஏழரை இலட்சம் டொலர்! 2024 இல் நமது தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகும்.

எனினும் இவை மதிப்பீடுகளே. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரகசியமானவை. வரியும் முகவர் கட்டணமும் இத்தொகையிலிருந்து கழிக்கப்படுவதில்லை. மாற்றுக் கட்டணமாகிய 80 மில்லியன் பவுண் வீரருக்கன்றி, அவரை விட்டுக்கொடுத்த கழகத்துக்கே உரியது.

உச்சியில் நிற்பவர் ஒருவர். அடிவாரத்தில் நிற்பவர் பல்லாயிரம். உதைபந்தாட்ட வீரர்களின் சர்வதேசத் தொழிற்சங்கம் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் நடத்திய ஆய்வை 2016 இல் வெளியிட்டது. அவர்களுள் 45 வீதமானோர் மாதம் ஆயிரம் டொலருக்கும் குறைவாகவே பெற்றனர். 41 வீதமானோருக்குச் சம்பளம் தாமதமானது.

நமது நாட்டின் நிலை இதனினும் கடினமானது. தேசிய அணி வீரர்களே மாலைதீவுக் கழகங்களை நாடவேண்டியிருந்தது. மன்னாரைச் சேர்ந்த தேசிய அணி வீரர் டக்சன் பியூஸ்லஸ் அவ்வாறு சென்று விளையாடி வந்த வேளையிலேயே, 2022 பெப்ரவரியில் அங்கு காலமானார். 2023 இல் பீபா விதித்த தடையினால் பல மாதங்கள் இலங்கை அணி சர்வதேசப் போட்டிகளை இழந்தது. நிர்வாகத்தின் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்களே.

ஆகவே கனவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. பாடசாலைக் கல்வியை இடைநிறுத்தாதீர்கள். வாசித்து விளங்காத ஒப்பந்தத்தில் ஒப்பமிடாதீர்கள் என்றே கூறுகின்றோம். 12 முதல் 23 வயது வரை ஒரு வீரரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு, அவரது சர்வதேச மாற்றுக் கட்டணத்தில் 5 வீதம் வரை பகிரப்பட வேண்டுமென்பது பீபாவின் விதியாகும். பதிவேடற்ற கழகம் அவ்வுரிமையைக் கோருவது கடினம். மலையகக் கழகங்கள் தமது சிறுவர்களை இன்றே முறையாகப் பதிவுசெய்தல் வேண்டும். ஒரு நாள் அங்கிருந்து ஒருவன் உயர்ந்தால், அவனை வளர்த்த மண்ணுக்கும் அதன் பயன் சேரட்டும்.