நூலகரும் ஆராய்ச்சியும்

விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் தராசும் உருப்பெருக்கியும் இருக்கின்றன. நூலகரின் மேசையில் இரவல் பதிவேடும், நூற்பட்டியலும், இக்காலத்தில் கணிப்பொறியும் இருக்கின்றன. முன்னவர் ஆராய்பவர்; பின்னவர் ஆராய்வோருக்கு நூல் எடுத்துக் கொடுப்பவர் என்பதே பலரின் எண்ணம். கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் கூட இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. ஆயினும், சென்ற நூற்றாண்டின் வரலாற்றை நோக்குவோமாயின், தம் அன்றாடப் பணியில் எழுந்த ஐயங்களை நூலகர்கள் முறையாக ஆராய்ந்து எழுதியதனாலேயே நூலகவியல் ஒரு தனித் துறையாக உருப்பெற்றது என்பது புலனாகும்.

கணித ஆசிரியர் நூலகரானது

1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அவர் அமர்த்தப்பெற்றார். மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு நூல் நிலையத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பின்னரும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின் பேரில் அவர் பயணமானார்.

இலண்டனில் பயின்ற காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களை அவர் பார்வையிட்டார். அங்கு அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அப்போது வழங்கிய பகுப்பு முறைகள், பொருள்கள் யாவற்றையும் முன்னரே வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கின. பட்டியலில் இல்லாத புதிய பொருள் தோன்றினால் அதற்கு இடமளிப்பது எங்ஙனம்? கடையொன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டபோது விடை தோன்றியதாக அவரே கூறியுள்ளார். ஒரு சில தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு வண்டியும் அமைக்கலாம், பாலமும் அமைக்கலாம். அவ்வாறே, அடிப்படைக் கூறுகளை இணைத்து எப்பொருளுக்கும் எண் அமைக்கலாம் அன்றோ?

‘1950-களில் இந்தியாவில் நெற்பயிர் நோய்த் தடுப்பு’ என்னும் பொருளை எடுத்துக் கொள்வோம். இதில் நெல், நோய், தடுப்பு, இந்தியா, 1950-கள் எனக் கூறுகள் ஐந்து உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டை இணைத்தால் முழுப் பொருளுக்கும் உரிய எண் கிடைத்துவிடும். கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் இது ‘கோலன் பகுப்பு முறை’ எனப் பெயர் பெற்றது. இம்முறையைச் சென்னைப் பல்கலைக் கழக நூல்களின் மீது பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்த பின்னரே, 1933-இல் ரங்கநாதன் நூலாக வெளியிட்டார். அதற்கு முன், 1931-இல், நூலகப் பணி அனைத்துக்கும் அடிப்படையான ஐந்து விதிகளைப் பற்றிய நூல் வெளிவந்திருந்தது. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதும், வாசகரின் காலம் வீணாகலாகாது என்பதும் அவ்விதிகளின் சாரத்தில் அடங்கும். பயணத்திற்கு முன் ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பியவர், திரும்பிய பின் இரு பத்தாண்டுகள் அந்நூலகத்திலேயே பணியாற்றினார்.

சிதறிக் கிடக்கும் கட்டுரைகள்

இலண்டனிலுள்ள விஞ்ஞானப் பொருட்காட்சி சாலையின் நூலகத்திற்குத் தலைமை வகித்த எஸ். சி. பிராட்போர்டு வேறொரு வினாவை எழுப்பினார். ஒரு துறையைச் சார்ந்த கட்டுரைகள் அத்துறைக்குரிய சஞ்சிகைகளில் மட்டும் வெளிவருகின்றனவா? 1934-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பயன்முறைப் புவிப் பௌதிகத்தைப் பற்றிய 1,332 கட்டுரைகள் 326 சஞ்சிகைகளில் பரவியிருந்தமை காட்டப்பட்டது. அவற்றுள் 429 கட்டுரைகள் 9 சஞ்சிகைகளிலேயே அடங்கின. அடுத்த 499 கட்டுரைகளுக்கு 59 சஞ்சிகைகள் தேவைப்பட்டன. எஞ்சிய 404 கட்டுரைகளோ 258 சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தன.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கட்டுரைகளை 9 சஞ்சிகைகளில் பெறலாம். இறுதிப் பங்கைப் பெறுவதற்கோ 258 சஞ்சிகைகள் வேண்டும். எந்த நூல் நிலையமும் எல்லாச் சஞ்சிகைகளையும் வாங்க இயலாது என்பதும், நூலகங்கள் ஒன்றுக்கொன்று உதவுதல் இன்றியமையாதது என்பதும் இதனால் தெளிவாயின. சந்தாத் தொகையை வரையறுக்கும் நூலகருக்கு இவ்வாய்வு இன்றும் வழிகாட்டுகிறது.

எழுதப்பட்ட பிழையும் பயனுடைத்து

அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக் கழக நூலகராயிருந்த பிரெமாண்ட் ரைடர் 1944-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க உயர்கல்வி நூல் நிலையங்களின் நூல் தொகை சராசரியாக 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு மடங்காகிறது என்று அவர் கணக்கிட்டார். இதே வேகம் தொடர்ந்தால், யேல் பல்கலைக் கழக நூலகம் 2040-இல் ஏறத்தாழ 20 கோடி நூல்களைக் கொண்டிருக்கும் என்றும் எச்சரித்தார். இடநெருக்கடிக்குப் பரிகாரமாக, நூற்பக்கங்களை மிகச் சிறிய படங்களாக்கி அட்டைகளில் பதிக்கும் முறையை முன்மொழிந்தார்.

பின்னர் வந்த ஆய்வாளர்கள், இவ்வேகம் அவ்வாறே நீடிக்கவில்லை எனக் கண்டனர். எனினும் ரைடரின் உழைப்பு வீணாயிற்று எனல் பொருந்தாது. தம் கணக்கை அச்சிட்டு அனைவர் முன்னும் வைத்தமையால் அன்றோ பிறர் அதனைச் சோதித்துத் திருத்த முடிந்தது? நூலகர் தம் மனத்திலேயே வைத்திருக்கும் ஊகம் சரியாயினும் பிழையாயினும் பிறருக்குப் பயன்படாது.

தடைகளும் வழிகளும்

நூலகர் எழுதாமைக்குக் காரணங்கள் உண்டு. நாள் முழுதும் வாசகருக்குப் பணி புரிபவருக்கு ஆராய ஓய்வு கிடைப்பதில்லை. ஆசிரியருக்குக் கிடைக்கும் மதிப்பும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இந்நிலையை மாற்ற நம் நாட்டில் முயற்சிகள் நடந்துள்ளன. 1954-இல் நூலகவியலுக்கென ஆங்கில ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்று மத்திய அரசின் சார்பில் தொடங்கப்பெற்றது. பெயர் சற்று மாறினும் இன்றும் அது வெளிவருகிறது. 1957-இல் பல்கலைக் கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழு, ரங்கநாதனின் தலைமையில், நூலகரின் ஊதியமும் தகுதியும் ஆசிரியருக்கு ஒப்பாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1962-இல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் நிறுவப்பட்டது.

ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு வாங்கிய நூல்களுள் ஒருமுறையேனும் இரவல் போனவை எத்தனை? தேடி வந்த வாசகருள் நூலின்றித் திரும்பியவர் எத்தனை பேர், காரணம் யாது? நூலகர் ஒருவர் தம் பதிவேட்டைக் கொண்டே இவற்றுக்கு விடை காணலாம். எண்ணிய முறையைத் தெளிவாகக் கூறுதலும், வாசகரின் பெயரை வெளியிடாது காத்தலும், எதிர்பார்த்த முடிவு கிட்டாவிடினும் அதனை மறையாது எழுதுதலும் இன்றியமையாதவை. இதற்கென வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கித் தருதல் நிர்வாகத்தின் கடமையாகும்.

முப்பது ஆண்டுகள் வாசகரோடு பழகிய நூலகர் ஓய்வு பெறும்போது, நூல்களும் அடுக்குகளும் நூலகத்திலேயே இருக்கும். அவர் கற்றறிந்ததோ, எழுதப்படாவிடில், அவருடனேயே வெளியேறும். அவருக்குப் பின் வருபவர் அதே ஐயங்களுடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராவார். பிறருடைய எழுத்தைக் காப்பவர் தம் அனுபவத்தையும் எழுத்தாக்கினால், அவ்விழப்பைத் தவிர்க்கலாம்.