புலப்படத்தில் எண் ஏன் மங்குகிறது?

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் சொட்டுநீர்ப் பாசன மானியம் கேட்கும் விவசாயி கொடுக்க வேண்டிய ஆவணங்களில், சிட்டா, ஆதார் ஆகியவற்றுடன், வயலின் எல்லையை அளவுகளோடு காட்டும் புலப்படமும் ஒன்று. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு என்பதால் இந்தப் படத்துக்குத் தேவை அதிகம். அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் படம் வந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடும் எண்ணும் கூர்மையாகவே இருக்கும்.

அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறி, அச்செடுத்துப் பாருங்கள். எல்லைக் கோட்டின் மேல் இருப்பது 38.4 மீட்டரா, 33.4 மீட்டரா என்று சொல்ல முடியாது. குறை செல்பேசியில் இல்லை. வழியில் எங்கோ ஒரு வெக்டர் படம் ராஸ்டர் படமாக மாறிவிட்டது.

சங்கிலி பிடித்தவர் எழுதியது எண்

நில அளவையர் வயலைப் பார்த்து ஓவியம் தீட்டுவதில்லை. வயலின் குறுக்கே ஒரு நேர்கோடு போடுகிறார். ஜி லைன் என்பது அதன் பெயர். அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் நடந்து, செங்குத்தாக இடப்பக்கம் இத்தனை மீட்டர் போனால் வரப்பின் வளைவு என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறார். இந்தப் பக்கவாட்டு அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். எல்லையை மீண்டும் வரைய இந்த எண்கள் போதும். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருளும் இந்த அளவுகளை வாங்கித்தான் புலப்படத்தைக் கணினியில் வரைகிறது.

வெக்டர் என்பதும் இதுதான். ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு’ என்ற கட்டளைதான் கோப்பில் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அந்தக் கட்டளையைப் படித்துப் புதிதாக வரையும். அதனால் கோடு மங்காது. இணையத்தில் இதற்கான பொது வடிவம் எஸ்விஜி. டபிள்யூ3சி அமைப்பு 2001 செப்டம்பரில் இதைத் தரமாக ஏற்றது. பிடிஎஃப் கோப்பும் கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்க வல்லது.

ராஸ்டர் படத்தில் கோடு என்று ஒன்று கிடையாது. வண்ணப் புள்ளிகளின் கட்டம்தான் உண்டு. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். பிஎன்ஜி, ஜேபெக் படங்கள் இந்த வகை.

எண்ணிலிருந்து புள்ளிக்கு

வெக்டரை ராஸ்டராக மாற்றும் நிரல், ஒவ்வொரு பிக்சலிலும் கோடு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று கணக்கிடுகிறது. முழுதாக மூடினால் கருப்பு, பாதி மூடினால் சாம்பல். சாய்ந்த வரப்புக் கோடு படிக்கட்டாகத் தெரியாமல் வழவழப்பாகத் தெரிவது இந்தச் சாம்பல் பிக்சல்களால். பெரிதாக்கும்போது மங்கலாகத் தெரிவதும் இவற்றால்தான்.

ஒரு கணக்கு. 1:2000 அளவுகோலில் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; அது நிலத்தில் 420 மீட்டர். அங்குலத்துக்கு 96 புள்ளி வீதம் மாற்றினால் அந்த அகலத்தில் 794 பிக்சல்தான் கிடைக்கும். ஒரு பிக்சல் நிலத்தில் சுமார் 53 செ.மீ. வரப்பே அதற்குள் அடங்கிவிடும். அச்சகத் தரமான 300 புள்ளி வைத்தால் 2480 பிக்சல். ஒன்று சுமார் 17 செ.மீ. ஆனால் படம் முழுவதற்கும் 2480 × 3508 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று, நினைவகத்தில் ஏறக்குறைய 35 மெகாபைட் போய்விடும். 96 புள்ளியில் அது 4 மெகாபைட்டுக்கும் குறைவு. எத்தனை பிக்சல் வேண்டும் என்பதை மாற்றும் நேரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு ஏற்ற முடியாது. அவித்த நெல்லை விதைத்தால் முளைக்காது.

இணையப் பக்கத்தில் இந்த வேலையை உலாவியே செய்யும். ஆப்பிள் 2004இல் கொண்டுவந்த கேன்வாஸ் என்ற வரைபலகையில் எஸ்விஜி படத்தை வரைந்து, பிஎன்ஜியாக வெளியே எடுக்கலாம். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. இன்றைய செல்பேசிகள் பலவற்றில் பக்கத்தின் ஒரு பிக்சலைத் திரை மூன்று பிக்சல் அகலத்தில் காட்டுகிறது. அதற்கேற்பக் கேன்வாஸையும் மும்மடங்கு பெரிதாக எடுக்காவிட்டால் படம் மங்கும். வேறு தளத்திலிருந்து அனுமதியில்லாமல் எடுத்த படம் ஒன்று கேன்வாஸில் விழுந்தாலும், பாதுகாப்புக் காரணத்தால் உலாவி படத்தை வெளியே தராது.

தமிழ் எழுத்துக்குத் தனிச் சோதனை

படத்தில் ஊர்ப்பெயரும் இருக்குமே. ரெட்டியார்சத்திரம் என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினி ‘ர’, அதன் பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துகளை வடிவமைக்கும் நிரல். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் ஹார்ஃப்பஸ் அந்த வேலையைப் பார்க்கிறது. சர்வரில் பைத்தான் மொழியின் பில்லோ நிரல்தொகுப்பைக் கொண்டு படமாக்குபவர்கள், ராக்ம் என்ற துணைத் தொகுப்பு இல்லாமல் அடிப்படை முறையில் எழுதினால், ‘ர’ முன்னால் நின்று கொம்பு பின்னால் விழும். ராஸ்டர் ஆன பிறகு அந்தப் பிழையைத் திருத்தவும் முடியாது. ஏனெனில் அங்கே எழுத்து இல்லை, புள்ளிதான் இருக்கிறது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். படமாக ஏற்றப்படும் எஸ்விஜி, வெளியிலிருந்து எழுத்துருவை இறக்கிக்கொள்ளாது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து தர வேண்டும்.

பிறகு ஏன் மாற்றுகிறார்கள்?

காரணங்கள் நியாயமானவை. எஸ்விஜி கோப்புக்குள் நிரல் வரிகளை ஒளித்து வைக்க முடியும் என்பதால் பல தளங்கள் அதைப் பதிவேற்ற அனுமதிப்பதில்லை. ராஸ்டராக்கினால் அந்த ஆபத்து போய்விடும். சிக்கலான வரைபடத்தில் லட்சக்கணக்கான கோடுகளை ஒவ்வொரு செல்பேசியும் வரைவதைவிட, சர்வர் ஒருமுறை வரைந்து அனுப்புவது எளிது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பல ஆண்டுகளாக 256 பிக்சல் சதுரங்களாகவே உலக வரைபடத்தைத் தந்தது. ஒவ்வொரு பெரிதாக்கலிலும் சதுரங்கள் நான்கு மடங்காகும்; 18ஆம் நிலையில் உலகத்துக்குச் சுமார் 6,872 கோடி சதுரங்கள். அத்தனையையும் வரைந்து வைக்க முடியாது என்பதால், கேட்கும்போது வரைந்து தருகிறார்கள். செல்பேசிகளின் திறன் கூடியதால், வெக்டர் தரவையே அனுப்பிச் செல்பேசியை வரையச் சொல்லும் முறை இப்போது பரவியிருக்கிறது.

ஆகவே மாற்றுவது தவறில்லை. முன்கூட்டியே மாற்றுவதுதான் தவறு. மூலம் எண்ணாகவே இருக்கட்டும். கடைசிக் கட்டத்தில், தேவைப்படும் அளவில் மட்டும் படமாக்க வேண்டும். கோட்டுப் படத்துக்கு ஜேபெக் ஆகாது. அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக்கிச் சுருக்குவதால் கோடுகளைச் சுற்றி அழுக்குப் படியும். பிஎன்ஜியில் அந்த இழப்பு இல்லை. இணையதளம் அமைப்பவர்கள் படத்தைக் காட்டுவதோடு நில்லாமல், மூலக் கோப்பை இறக்கிக்கொள்ளவும் ஒரு பொத்தான் வைக்க வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புலப்படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். இறக்கிய பிடிஎஃப் கோப்பையே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். சுருங்காமல் அப்படியே போய்ச் சேரும். எல்லைத் தகராறு வந்தால், படத்தில் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, நில அளவையரை அழைத்து வந்து தரையில் அளக்கச் சொல்லுங்கள்.