தெருவோரக் காரும் டேஷ்கேம் சாட்சியமும்

சென்னையின் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பழைய பகுதிகளிலும் மதுரை, கோவையின் உள்தெருக்களிலும் வீடுகளைக் கட்டிய காலத்தில் காருக்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை. இன்று அங்கே கார் வைத்திருக்கும் பலருக்கு இரவில் தெருவோரம்தான் ஷெட். விடிந்து பார்த்தால் கதவில் முன்னிருந்து பின்வரை ஒரு கோடு, சைடு மிரர் உடைந்து தொங்குகிறது, டயரில் காற்று இல்லை. போதைக் கும்பல் வரிசையாக நிற்கும் வண்டிகளின் கண்ணாடிகளை நொறுக்கிவிட்டுப் போன செய்தியும் அவ்வப்போது வருகிறது. இதற்கெல்லாம் தீர்வு என்று டேஷ்கேம் விற்கப்படுகிறது. அது உதவும் என்பதே என் கருத்தும். ஆனால் வாங்குகிறவர்கள் யோசிக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் கேமரா, பிறகு படம், ஏதாவது நடந்தால் அப்போது புகார் என்று போகிறார்கள். புகார் மனுவில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று தொடங்கி, அங்கிருந்து கேமராவை நோக்கிப் பின்னால் வர வேண்டும். போலீஸ், காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம் மூன்றும் கேட்கப்போவது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான்: செய்தது யார், எப்போது, வேண்டுமென்றே செய்தாரா, இழப்பு எவ்வளவு, இந்தப் பதிவை நம்பலாமா? இவற்றுக்குப் பதில் தராத கேமரா கண்ணாடியில் ஒட்டிய அலங்காரம்தான்.

சாதாரண டேஷ்கேம் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் தானும் அணைந்துவிடும். நின்ற காரைப் பார்த்துக்கொள்ள ‘பார்க்கிங் மோட்’ வேண்டும்; அதிலும் பல வகை உண்டு. அதிர்வை உணரும் சென்சார் வண்டி குலுங்கினால் பதிவைத் தொடங்கும். இன்னொரு வண்டி மோதினாலும், கண்ணாடியில் கல் விழுந்தாலும் இது விழித்துக்கொள்ளும். சாவியால் மெதுவாகக் கோடு இழுத்தால் வண்டி குலுங்காது, சென்சாருக்கும் தெரியாது. அசைவை உணரும் முறையில் ஆள் நடந்தாலே பதிவாகும். ஆனால் நெரிசலான தெருவில் நாய், சைக்கிள், பால்காரர் என்று நூற்றுக்கணக்கான துண்டுப் பதிவுகள் சேர்ந்து, வேண்டியது அதற்குள் புதைந்துவிடும். மூன்றாவது முறை நொடிக்கு ஒன்றிரண்டு படம் எடுத்து இரவு முழுவதையும் சுருக்கித் தரும். தொடர்ச்சி கிடைக்கும், முகம் தெளிவாகக் கிடைப்பது அரிது. தெருவோரக் காருக்குப் பொருத்தமானது, அசைவையும் அதிர்வையும் சேர்த்துக் கவனித்து, நிகழ்வுக்கு முந்தைய சில நொடிகளையும் நினைவில் வைத்துச் சேமிக்கும் வகை. அந்த முந்தைய நொடிகள் இல்லாவிட்டால், அடி விழுந்த பிறகு ஓடுகிறவரின் முதுகுதான் கிடைக்கும். எந்த முறையானாலும் முன் கேமரா பக்கவாட்டுக் கதவுகளைப் பார்க்காது, கோடு விழுவதோ பெரும்பாலும் கதவில்தான். பின் கண்ணாடிக் கேமராவும் இருந்தால், கதவை நோக்கி வருகிறவரும் விலகிப் போகிறவரும் ஏதாவது ஒன்றில் சிக்க வாய்ப்புண்டு. கீறும் கையையே பார்க்க வேண்டுமென்றால் வீட்டு வாசலிலிருந்து காரை நோக்கும் இன்னொரு கேமராதான் வழி. கடைக்காரர் இதைச் சொல்வது குறைவு.

அடுத்தது மின்சாரம். பார்க்கிங் மோடில் 0.3 ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-மணி எடுத்துக்கொள்ளும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் போய்விடும். நான்காம் நாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பேட்டரியின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கேமராவைத் துண்டிக்கும் வசதியுள்ள இணைப்புக் கருவியைத்தான் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் காருக்கு, கேமராவுக்கென்று தனி பேட்டரி வைப்பது நல்லது. வயரை வெட்டி ஒட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலேயே சொருகிக்கொள்ளும் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். வெட்டி ஒட்டிய வயர் வாரண்டித் தகராறுக்கும் மின்கசிவுக்கும் இடம் கொடுக்கும். நம் ஊரின் வெயிலையும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள மலிவு கேமராக்கள் அந்தச் சூட்டில் உப்பிப்போவதுண்டு. சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளவை தாங்கும். பெட்டியில் எத்தனை மெகாபிக்சல் என்று தேடுவதற்கு முன் இதைத் தேட வேண்டும்.

மெமரி கார்டு நிறைந்ததும் கேமரா பழைய பதிவை அழித்து மேலே எழுதும். முழு எச்.டி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 7 ஜிபி பிடிப்பதால், 64 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிற்காது. காலையில் கோட்டைப் பார்த்த பிறகும் வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய் வந்தால், பூட்டப்படாத பதிவு மறைந்திருக்கும். சேதத்தைக் கண்டவுடன் கார்டைக் கழற்றுங்கள், பிறகு மற்றதெல்லாம். தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்; பேட்டரி மாற்றியபின் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்ட கடிகாரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். முகக்கவசமோ ஹெல்மெட்டோ போட்டவன் செய்தால் என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தெருத் தகராறில் செய்கிறவர் பெரும்பாலும் முன்பின் தெரிந்தவர். நடை, உடை, எந்த வாசலிலிருந்து வந்தார், எந்த வாசலுக்குத் திரும்பினார் என்பவை முகத்துக்கு ஈடான சான்றுகள். முகம் தெரியாவிட்டாலும் சரியான நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை வைத்துப் பக்கத்துக் கடை கேமராவில் தேடச் சொல்லலாம்.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு, அடுத்தவர் சொத்தை வேண்டுமென்றோ சேதமாகும் என்று தெரிந்தோ கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. பொதுவான தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இழப்பு 20,000 ரூபாய் முதல் 1 லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை. 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. தீ வைத்திருந்தால் 326ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை. ஆகவே இழப்பின் தொகைதான் வழக்கின் எடையைத் தீர்மானிக்கிறது, அதைக் கேமரா சொல்லாது. சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் சொல்லும். கதவு, ஃபெண்டர், பெயிண்ட் என்று பிரித்துக் கணக்கிட்ட எஸ்டிமேட்டைப் புகாருடன் சேர்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். 1 லட்சத்துக்குக் குறைவான சேத வழக்குகளில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வைத் தொடங்க முடியாது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். அது எப்போதும் அலட்சியம் ஆகாது. ரசீதைத் தவறாமல் வாங்கிக்கொண்டு, உத்தரவு பெற மாஜிஸ்திரேட்டை அணுகலாம். 1 லட்சத்தைத் தொட்ட சேதத்துக்கோ தீ வைப்புக்கோ எஃப்.ஐ.ஆர் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம், அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. புகாரை மின்னணு முறையில் அனுப்பவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது, மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வியில்தான் வீடியோவின் அருமை முழுமையாகத் தெரியும். பின்னால் எடுத்த வண்டி தெரியாமல் இடித்திருந்தால் அது 324இல் வராது. அதற்கு வேறு வழி உண்டு: நம்பர் பிளேட் தெரிந்தால் அந்த வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிடமிருந்தே இழப்பீடு கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் சேதம் ஒன்றுதான் என்றாலும், குற்றவியல் புகாரா மோட்டார் விபத்துக் கோரிக்கையா என்பதைப் பிரித்துச் சொல்வது அந்தச் சில நொடிப் பதிவு.

அந்தப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியில் கருவியை வைத்திருப்பவர், இன்னொரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். இவை நகல்களுக்கு உரிய விதி. அசல் கருவியையே உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சாட்சியச் சட்டம் இருந்தபோது, அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. எனவே அசல் கார்டை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதிப் பத்திரப்படுத்திவிட்டு, கேமராவில் புதிய கார்டைப் போடுவதே புத்திசாலித்தனம். கணினியில் ஒரு நகல் எடுத்து அதை மட்டும் பார்க்கவும் காட்டவும் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கி, தரம் குறைந்து, ஹாஷும் மாறிவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்டை மறுபடி பயன்படுத்தியவர் சாட்சியத்தைத் தானே அழித்தவர் ஆகிறார். போலீஸ் கார்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்கிக்கொண்டு.

காப்பீட்டில் பலர் ஏமாறுவது பாலிசியின் பெயரில். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் காருக்கு ஆன சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுமையான பாலிசியில் கெட்ட நோக்கத்தோடு செய்த சேதம், கலவரம், தீ எல்லாம் அடங்கும். ஆனால் ஒரு கோரிக்கை வைத்தாலே நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் ஆண்டில் 20 சதவீதம், ஐந்தாண்டு கோரிக்கை இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை உயர்வது. இதில் கட்டாயமாக நாம் ஏற்கும் தொகையும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் தேய்மானத்துக்குக் கழிக்கும் பாதியும் சேர்ந்தால், ஒரு கதவின் கீறலுக்குக் கோரிக்கை வைப்பது நஷ்டமாகவே முடியலாம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். பெரிய சேதம் என்றால் சர்வேயர் பார்க்கும்வரை பழுதைத் தொடக் கூடாது. கார் வாங்கிய பிறகு பொருத்திய டேஷ்கேமும் தனியாக அறிவித்துப் பிரீமியம் கட்டாவிட்டால் பொதுவாகப் பாலிசிக்குள் வராது. நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், அதனிடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் காத்திருந்தபின், கட்டணமில்லாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரது அலுவலகம் சென்னையிலும் உண்டு.

தெருவில் போகிறவர்களை எல்லாம் இரவு முழுக்கப் படம் பிடிப்பது அந்தரங்கத்தில் நுழைவதல்லவா என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் உறுதிசெய்தது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018இல், காரணமின்றித் தொடர்ந்து பதிவு செய்வது தரவுப் பாதுகாப்பு விதிக்கு முரண் என்றும், ஆனாலும் விபத்து இழப்பீட்டு வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்றும் சொன்னது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகச் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கை ஊருக்கே காட்டும் உரிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடியோவை முகநூலில் போட்டு ‘திருடன்’ என்று எழுதினால், ஆள் தவறாகிப்போன நாளில் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். எதிர்வீட்டு ஜன்னலை நோக்கிக் கேமரா இருக்குமானால் காரைத் திருப்பி நிறுத்துங்கள் அல்லது கோணத்தை இறக்குங்கள். நின்றிருக்கும்போது ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். கோடு போட்டவரைக் கண்டுபிடிக்கத் தெருவின் பேச்சு தேவையில்லை. நிகழ்வு நடந்தால் மட்டும் பதிவு செய்யும் முறை பேட்டரிக்கும் அயலாரின் அந்தரங்கத்துக்கும் ஒருசேர நல்லது.

தெருவில்தான் போலீஸ் கேமராக்கள் இருக்கின்றனவே என்பார்கள். சென்னையில் ‘மூன்றாவது கண்’ திட்டம் நிறையக் கேமராக்களைக் கொண்டுவந்தது உண்மை. அவை பெரும்பாலும் சந்திப்புகளையும் பெரிய சாலைகளையும் பார்ப்பவை, உங்கள் கதவை அல்ல. கடைக்காரரின் கேமரா அவர் விருப்பப்பட்டால்தான் திறக்கும், சில நாளில் அழியவும் செய்யும். அவை துணைச் சான்றாகலாம், உங்கள் கேமராவுக்கு மாற்றாகாது.

கீறலுக்குப் பின்னால் இருப்பது பல நேரம் ‘என் வீட்டு வாசல்’ என்ற எண்ணம். வாசலுக்கு முன்னுள்ள மாநகராட்சிச் சாலை அந்த வீட்டுக்காரரின் சொத்து கிடையாது. அவர் வைக்கும் பூந்தொட்டிக்கும் ‘நோ பார்க்கிங்’ பலகைக்கும் அனுமதி இல்லாவிட்டால் சட்ட வலு இல்லை. அதேபோல, அவருடைய கேட்டை அடைத்து நிறுத்த உங்களுக்கும் உரிமை இல்லை. பதிவில் இருப்பவர் அண்டை வீட்டார் என்றால், முதலில் இரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு வீடியோவைக் காட்டி, எஸ்டிமேட் தொகையை எழுத்தில் கேட்பது நல்லது. தனிநபருக்கு மட்டும் இழப்பு ஏற்பட்ட சேத வழக்குகள் பல, புகார் கொடுத்த பிறகும் சமரசம் செய்துகொள்ளக் கூடியவை. அதற்காகக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது: ஆறு மாதத் தண்டனைக்குரிய சேதத்துக்கு ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்தாக வேண்டும், உரிமையியல் வழக்கில் இழப்பீடு கேட்க மூன்று ஆண்டு இருக்கிறது.