களனி கங்கைப் பள்ளத்தாக்கு

கொட்டாஞ்சேனையில் நாம் குடிக்கும் குழாய்நீர் களனி கங்கையின் நீர். தேயிலை மலைகளிலிருந்து இறங்கும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனியாகி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலை அடைகின்றன.

கித்துல்கலையில் கங்கை பாறைகளில் மோதிப் பாய்கிறது. யட்டியாந்தோட்டையில் இறப்பர் தோட்டங்கள் அதன் இருபுறமும் உள்ளன. முன்னாளில் சீதாவாக்கை இராசதானியாக விளங்கிய அவிசாவளையைக் கடந்ததும் நிலம் தாழ்கிறது; ஹங்வெல்ல, கடுவெலப் பகுதிகளில் கங்கை அகன்று மெதுவாகச் செல்கிறது. பெருமழையில் வெள்ளம் பரவுவதும் இத்தாழ்நிலத்திலேயே. 2016 மே மாதத்தில் கொலன்னாவை நீரில் மூழ்கியது.

அம்பத்தலையில் இந்த நீரைச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். ஆகவே மேலேயுள்ள ஊர்களில் கங்கையில் சேரும் அழுக்கு நம் குடிநீரையும் பாதிக்கிறது. நாம் கால்வாயில் வீசும் பொலித்தீனோ கடலுக்குச் சென்று மீனவரின் வலையில் சிக்குகிறது. வுழூச் செய்யக் குழாயைத் திறக்கும்போது, அந்த நீர் கடந்துவந்த ஊர்களையும் நினைத்துக்கொள்வோம்.