உள்ளம் முதிர்தல்

பழம் முதிர்வதற்கு நாள் கணக்கு உண்டு. உடல் முதிர்வதற்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. உள்ளம் முதிர்வதற்கோ அத்தகைய கணக்கு இல்லை. அறுபது ஆண்டு நிறைந்த பெரியவர் ஒருவர், திருமண வீட்டில் முன்வரிசையில் நாற்காலி கிடைக்கவில்லை என்பதற்காக மூன்று மாதம் உறவினர் வீட்டுப் படியை மிதிக்காமல் இருப்பதுண்டு. தந்தை நோயுற்று வீழ்ந்த அன்றே வரவு செலவுக் கணக்கைக் கையில் வாங்கிக் குடும்பத்தைத் தாங்கும் இருபது வயதுப் பெண்ணும் உண்டு. இவ்விருவருள் மூத்தவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காண உளநூலார் பலர் முயன்றுள்ளனர். அமெரிக்க அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தன்னலத்திற்கு அப்பாலும் ஈடுபாடு கொள்ளுதல், தன்னைத் தானே நகைப்புடன் நோக்குதல் முதலியவற்றை முதிர்ந்த மனிதனின் அடையாளங்களாகக் கூறினார். அவை நல்ல அடையாளங்களே. ஆயினும் துன்பம் வந்து மோதும்போது அவன் என்ன செய்கிறான் என்பதைக் காண, வாழ்க்கையையே பின்தொடர்ந்து செல்ல வேண்டியிருந்தது.

அத்தகைய ஆராய்ச்சி ஒன்று 1938இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் தொடங்கிற்று. 268 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போர், திருமணம், தொழில், நோய், முதுமை எனப் பல பத்தாண்டுகள் அவர்கள் வாழ்வு ஆராயப்பட்டது. அதனை நெடுங்காலம் நடத்திய மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், 1977இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

தாங்கொணாத அச்சமோ நாணமோ சினமோ எழும்போது, உள்ளம் பெரும்பாலும் தன்னை அறியாமலே ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொள்கிறது. இதனைச் சிக்மண்ட் பிராய்டு 1894இலேயே சுட்டினார். அவர் மகள் அன்னா பிராய்டு 1936இல் தனி நூலாக விரித்தார். கேடயம் இல்லாத மனிதர் இல்லை. எந்தக் கேடயம் என்பதே வேலண்டின் கேள்வி.

தன் குறையைப் பிறர்மேல் ஏற்றிக் காண்பது, வாய் திறவாமல் வேலையைக் கெடுத்துப் பழி தீர்ப்பது, ஆத்திரம் எழுந்த கணமே அதைக் கைகால்களால் காட்டிவிடுவது ஆகியவை முதிராத முறைகள். மேலாளரிடம் வசை வாங்கியவர் வீட்டிற்கு வந்து பிள்ளையை அடிப்பது இவற்றிற்கு ஒரு படி மேலே வைக்கப்பட்டுள்ளது. அடிபட்ட பிள்ளைக்கு அந்தப் படி வேறுபாடு விளங்குமா என்பது வேறு கேள்வி! பிறர்க்கு உதவித் தன் துயரை ஆற்றிக்கொள்ளல், நகைச்சுவை, வருவதை முன்னறிந்து ஆயத்தமாதல், முரட்டு உணர்ச்சியைக் கலையாகவோ உழைப்பாகவோ மாற்றல், உணர்ச்சியை அறிந்தே ஒத்திவைத்தல் ஆகிய ஐந்தும் முதிர்ந்த முறைகள்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னது எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. கணவன் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறான். மனைவி பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ‘எனக்குப் பயமே இல்லை’ என்று அவள் மெய்யாகவே நம்பினால், அச்சம் அவளுக்கே தெரியாமல் மறைக்கப்பட்டுவிட்டது. ‘பயமாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் போகட்டும், மாலையில் அக்காவிடம் சொல்லி அழலாம்’ என்று எண்ணி, மாலையில் அவ்வாறே அழுதால் அது ஒத்திவைத்தல். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. ஆகவே, அழாத ஆண்மகனைக் கண்டவுடன் மனமுதிர்ச்சி உடையவன் என்று ஊர் போற்றுவது அவசர முடிவேயாகும்.

ஆராய்ச்சி தந்த ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. இளமைப் பருவத்தில் அம்மாணவர்களிடம் முதிராத முறைகள் முதிர்ந்தவற்றைப்போல் இரு மடங்கு இருந்தன. நடுவயதில் நிலை தலைகீழாகி, முதிர்ந்த முறைகள் நான்கு மடங்காயின. ஐம்பதிற்கும் எழுபத்தைந்திற்கும் இடையிலும் வளர்ச்சி நிற்கவில்லை. எனினும் எல்லாரும் ஒரே அளவில் வளர்ந்தாரல்லர்.

ஹார்வர்டு மாணவர் செல்வாக்குடைய கூட்டத்தினர் அன்றோ என்ற ஐயம் எழலாம். பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பேரின் வாழ்க்கையையும் வேலண்ட் ஆராய்ந்தார். குடும்பச் செல்வமோ பட்டமோ கூர்த்த மதியோ மனமுதிர்ச்சியைத் தீர்மானிக்கவில்லை என்று கண்டார். இரு குழுவினரும் அமெரிக்க ஆடவர் என்பது உண்மையே. யார் எம்முறையைக் கையாண்டார் எனப் படித்து மதிப்பிட்டவர்களும் மனிதரே. தங்கம் நிறுக்கும் தராசு அன்று.

கேடயம் தன்னறிவின்றித் தூக்கப்படுவதால், ‘பக்குவமாக நடந்துகொள்’ என்ற அறிவுரை பெரும்பாலும் வீணாகிறது. தம்பி தன்னை ஏமாற்றுகிறான் என்று ஓயாமல் கூறும் அண்ணனிடம் பத்திரத்தை விரித்துக் காட்டினால், பத்திரம் எழுதியவனும் தம்பியின் ஆளாகிவிடுகிறான். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்பார் ஒருவர் அருகில் அமர்ந்தால், தனக்கு முதுமையில் யார் துணை என்ற அச்சம் மெல்ல வெளிவரக் கூடும். அதன் பிறகு பத்திரத்தைக் காட்டலாம்.