வீரப்பனுக்குப் பிறகான விஜயகுமார்: காக்கியைக் கழற்றிய பின் ஒரு போலீஸ் அதிகாரி என்ன செய்கிறார்?

ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி லேடீஸ் சீட் பக்கம் போனால், மூட்டம் இல்லாத நாளில் சேலம் காலடியில் விரிந்து கிடக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மேற்கே மேட்டூர் அணையின் தண்ணீரும் தெரியும். அதற்கும் அப்பால் இருக்கும் மாதேஸ்வரன் மலைக் காட்டில்தான் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் தமிழ்நாடு, கர்நாடகம் என இரண்டு மாநிலப் போலீசையும் ஆண்டுக்கணக்கில் அலையவிட்டார். இந்தப் பக்கத்து மக்களிடம் கே. விஜயகுமார் என்று சொன்னால் ‘வீரப்பனைப் பிடித்தவர்தானே’ என்பார்கள். 2004-க்குப் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் அவர் பொதுப்பணியில் இருந்தார். அதில் பெரும்பகுதி ஆலோசகர் வேலை. அது என்ன மாதிரியான வேலை, அதில் அதிகாரம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்பது பலருக்கும் தெரியாது.

விஜயகுமார் 1975-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்த தமிழ்நாட்டு அதிகாரி. பிரதமரின் பாதுகாப்புக்கான எஸ்.பி.ஜி.யிலும், காஷ்மீரில் எல்லைப் பாதுகாப்புப் படையிலும், சென்னை மாநகர கமிஷனராகவும் இருந்தவர். அதன் பிறகு, வீரப்பனைப் பிடிக்க அமைத்த அதிரடிப்படையின் தலைவர் பொறுப்பு வந்தது.

அவர் வருவதற்கு முன்பு நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாட்கள் காட்டில் வைக்கப்பட்டார். 2002-இல் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா பிணமாகத்தான் கிடைத்தார். ஆளைக் குவித்துக் காட்டைச் சல்லடை போட்டதில் பலன் இல்லை. காடு வீரப்பனுக்குத்தான் சொந்த வீடு.

அதனால் அவரையே காட்டை விட்டு வெளியே வரவைப்பது என்று திட்டம் மாறியது. பார்வை மங்கி வந்ததால் கண் சிகிச்சைக்காக அவர் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. அவர் நம்பும் ஆட்கள் வழியாகப் போலீசாரே பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே பாடி என்ற இடத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. அதன்மேல் சேலம் மருத்துவமனை ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. ஓட்டியவர் போலீஸ்காரர். உள்ளே வீரப்பன், சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கௌடா, சேதுமணி. வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கி ஓடினார். சரணடையச் சொன்னோம், உள்ளிருந்து சுட்டார்கள், நாங்களும் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. நால்வரும் இறந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் இந்த விவரத்தை அன்றே கேள்வி கேட்டன.

பொறுமையும் நம்பகமான தகவலும்தான் அந்த இரவில் வேலை செய்தன. விஜயகுமாரை டெல்லி தேடியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2010 ஏப்ரல் 6 அன்று சத்தீஸ்கரின் தண்டேவாடா மாவட்டத்தில் மாவோயிஸ்டுகளின் தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்களும் மாநிலக் காவலர் ஒருவருமாக 76 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசியப் போலீஸ் அகாடமியின் இயக்குநராக இருந்த விஜயகுமாரிடம் அதே ஆண்டு சி.ஆர்.பி.எஃப். தலைமை ஒப்படைக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அதன்பின் மத்திய உள்துறையில் இடதுசாரித் தீவிரவாதம் தொடர்பான மூத்த பாதுகாப்பு ஆலோசகர் ஆனார்.

இந்தப் பதவியில் இருப்பவருக்கு ஒரு கான்ஸ்டபிளுக்குக்கூட உத்தரவு போடும் சட்ட அதிகாரம் கிடையாது. அரசியல் சட்டப்படி சட்டம் ஒழுங்கு மாநிலங்களின் கையில் இருக்கிறது. மத்திய அரசு படை தரலாம், பணம் தரலாம், யோசனை சொல்லலாம். மாவோயிஸ்ட் விவகாரத்துக்கென உள்துறையில் 2006-இல் தனிப் பிரிவே தொடங்கினார்கள். ஆலோசகர் மாநிலம் மாநிலமாகப் போகிறார், டி.ஜி.பி.க்களோடு உட்காருகிறார், எந்த முகாமை எங்கே போடுவது, எந்தச் சாலை முதலில் வேண்டும், போலீஸ் நிலையச் சுவரை எப்படி உயர்த்துவது என்று பேசுகிறார், டெல்லிக்குக் குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பைப் படிக்கிற அமைச்சர் காது கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கே.பி.எஸ். கில் உதாரணம். பஞ்சாப் டி.ஜி.பி.யாகப் பெயரெடுத்த அவரை 2006-இல் சத்தீஸ்கர் அரசு ஆலோசகராக அழைத்துக்கொண்டது. ஒரே ஆண்டில் அந்த ஏற்பாடு முடிந்தது. தன் யோசனையை அங்கே யாரும் கேட்கவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஆலோசகரின் நிலை இதுதான்.

காஷ்மீரில் மட்டும் கதை வேறு. 2018 ஜூனில் அங்கே ஆளுநர் ஆட்சி வந்தபோது விஜயகுமார் ஆளுநரின் ஆலோசகரானார். அமைச்சரவை இல்லாத நேரத்தில் ஆளுநரின் ஆலோசகர்களுக்குத் துறைகளைப் பிரித்துத் தருவார்கள். கிட்டத்தட்ட அமைச்சர் வேலை. ஆனால் ஓட்டுப் போட்டு யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, சட்டசபையில் எழுந்து கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த ஏற்பாடு நீண்டுகொண்டே போவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல. 2019 இறுதியில் மீண்டும் உள்துறைக்கே ஆலோசகராக வந்த அவர், 2022 அக்டோபரில் விலகினார்.

ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரிகள் தனியார் நிறுவனங்களுக்கும் போகிறார்கள். ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் போவதானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நேற்றுவரை கையில் இருந்த கோப்பின் ரகசியம் நாளைக்கு விலைபோகக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது.

ஓய்வுக்குப் பின் விசாரணைக் குழுவில் உட்கார்ந்தவரும் உண்டு. இதே வீரப்பன் விவகாரத்தில் அப்படி இன்னொரு முன்னாள் போலீஸ் அதிகாரியின் பெயர் இருக்கிறது. அதை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சி.வி. நரசிம்மன், சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர். 1977-இல் அமைக்கப்பட்ட தேசியப் போலீஸ் கமிஷனின் உறுப்பினர் செயலராக இருந்தவர். வீரப்பன் வேட்டையின் பெயரால் மலையோர மக்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்ததாக அதிரடிப்படை மீது புகார்கள் குவிந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழுவில் நரசிம்மனும் உட்கார்ந்தார். விஜயகுமார் அதிரடிப்படைக்கு வருவதற்கு முந்தைய காலத்துப் புகார்கள் அவை. தன் துறை ஆட்கள் மீதே மக்கள் சொன்ன புகாரை உட்கார்ந்து கேட்பது ஒரு போலீஸ்காரருக்குச் சுலபமான காரியமா? குழுவின் அறிக்கையைப் பரிசீலித்த ஆணையம், 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தர 2007 ஜனவரியில் பரிந்துரைத்தது.

சந்தன மரத்தின் பெயரால் நடந்த இன்னொரு கொடுமை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்தது. வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து போன சோதனை அது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஓய்வு பெற்று எத்தனை ஆண்டு ஆனாலும், கீழே இருந்தவர்கள் செய்ததற்கு மேலே இருந்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. காட்டிலும் மலையிலும் படை நடத்துவது பற்றி யோசனை சொல்ல அடுத்து டெல்லி யாரை அழைத்தாலும், அவர் மேசையில் பாடி கிராமத்து ஆம்புலன்ஸ் திட்டத்தோடு வாச்சாத்தித் தீர்ப்பும் சதாசிவா குழுவின் அறிக்கையும் இருக்க வேண்டும்.